படம் முடிந்த பிறகு தொடங்கும் சங்கம்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில், அச்சகம் ஒன்றின் மாடியில், மாதத்தின் நான்காவது சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் படம் போடுகிற ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் நான் இரண்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். சேரலாமா, சந்தா கட்டும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட, நிறைகளையும் குறைகளையும் சேர்த்து ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குறைகளை மறைக்காமல் எழுதப்போவதால் சங்கத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தப் பக்கம் போய்ப் படம் போடும் இடம் எது என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. இதற்கு ஆண்டில் 12 படங்கள் கிடைக்கின்றன. படத்துக்கு 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால், வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் இதைவிடக் குறைந்த செலவில் எத்தனையோ படங்களைப் பார்த்துவிடலாமே என்ற கேள்வி எழும். படத்தை மட்டும் எண்ணினால் அந்தக் கேள்வி சரியானதுதான். ஆனால் இந்தச் சங்கம் உறுப்பினருக்குத் தருவது படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு வருகிற ஒன்றரை மணி நேரம். நான் சந்தா கொடுப்பது அதற்காகத்தான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை உருப்படியாக்குபவை இரண்டு விதிகள். உறுப்பினராகச் சேரும்போது நிரப்புகிற படிவத்தில், உங்களுக்கு மிகவும் பிடித்த 3 படங்கள் எவை என்று ஒரு கேள்வியும், உங்களுக்குச் சற்றும் பிடிக்காத வகைப் படம் எது என்று இன்னொரு கேள்வியும் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஓர் உறுப்பினர் தமக்கு உயிரான படம் ஒன்றைக் கொண்டுவந்து, திரையிடலுக்கு முன் 5 நிமிடம் மட்டும் பேசுவார். படம் முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர், அந்த வகைப் படமே பிடிக்காது என்று படிவத்தில் எழுதிக்கொடுத்தவர். இது முதல் விதி. ஒரு படத்தைப் புகழ்ந்தாலும் குறை சொன்னாலும் அந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டித்தான் பேச வேண்டும் என்பது இரண்டாவது விதி. ‘நல்லா இருந்தது’, ‘போர் அடித்தது’ என்று யாராவது ஆரம்பித்தால், சங்கத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், “எந்த சீன்ல சார்?” என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் நம் கருத்து எவ்வளவு தூரம் நம்முடையது என்பதே நமக்குத் தெரியவருகிறது.

நான் படிவத்தில் ‘பேய்ப் படம், திகில் படம்’ என்று எழுதியிருந்தேன். அதனால் சேர்ந்த மூன்றாவது மாதமே, ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ திரையிடப்பட்ட அன்று முதலில் எழுந்து நிற்க வேண்டியவன் நானானேன். 1960இல் அந்தப் படம் வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கட்டாயப்படுத்தினார் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை மனத்தில் வைத்து அன்று சரியாக 5 மணிக்குக் கதவைச் சாத்தியவர்கள், பிறகு எல்லாப் படங்களுக்கும் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். படம் முடிந்ததும் நான் எழுந்து, குளியலறைக் கொலைக் காட்சியைச் சுட்டிக்காட்டி, வன்முறையைக் காட்டி மிரட்டுவதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்டேன். படத்தைக் கொண்டுவந்த பெண்மணி கணினித் துறையில் வேலை பார்ப்பவர். அவர் அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொல்லி, கத்தி உடம்பில் இறங்குவதைப் பார்த்தால் கையைத் தூக்குங்கள் என்றார். முக்கால் நிமிடம் அளவே வருகிற அந்தத் தாக்குதலை 78 கோணங்களில் படமெடுத்து, 52 வெட்டுகளால் கோத்திருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். இரண்டாம் முறை பார்த்தபோது நான் கையைத் தூக்கவில்லை. கத்தி உடலைக் கிழிப்பதை நான் திரையில் பார்க்கவில்லை, என் தலைக்குள் பார்த்திருக்கிறேன்.

அதோடு அவர் விடவில்லை. மூன்றாம் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டினார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தாமாக இசையமைத்துப் போட்டுக் காட்டிய பிறகே மனம் மாறினார். தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிய அந்த அலறல் இல்லாமல் பார்த்தபோது, அது திறமையாக வெட்டப்பட்ட துண்டுகளின் தொகுப்பாக மட்டும் நின்றது. அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பாடம் நடத்தியது அந்த மூன்று முறைதான். திகில் படங்கள் இன்றும் என் முதல் விருப்பம் கிடையாது. ஆனால் ‘மிரட்டுவது சுலபம்’ என்று நான் அதன் பிறகு எங்கும் சொன்னதில்லை.

இதன் தொடர்ச்சி எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி மாணவர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தைக் கொண்டுவந்தார். 1964இல் வந்த படம். ஈஸ்ட்மென் கலரில், ஆழியாறு அணைப் பக்கத்துப் பசுமையோடு, இன்றைக்குப் பார்த்தாலும் புதிதாக இருக்கிறது. நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது, சிரித்தோம், போனோம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் தொடங்கினார். விதிப்படி அவரிடம் காட்சி கேட்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் படத்தைப் பற்றிக் காட்சி கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியான செல்லப்பா, தன் அப்பாவிடம் திகில் கதை சொல்கிற இடம்தான் அது. நாகேஷ் ஒற்றைக் குரலில் காற்று, கதவு, காலடி என்று எல்லாவற்றையும் எழுப்ப, டி. எஸ். பாலையா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெளிறிப் போவார். சைக்கோவுக்குச் செய்ததைப் போல, அந்தக் காட்சியை முதலில் படம் இல்லாமல் ஒலியாக மட்டும் கேட்டோம். பிறகு ஒலியில்லாமல் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்தோம். ஒலியை மட்டும் கேட்டபோது அது ஏறக்குறைய ஒரு திகில் காட்சி. ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் நடுவே நாகேஷ் விடுகிற இடைவெளிகள் அச்சத்துக்குரிய இடைவெளிகள். சிரிப்பு முழுவதும் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. பயப்படுகிறவரை நாம் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அதனால் சிரிக்கிறோம். அந்த நாற்காலியில் நாமே உட்கார்ந்திருந்தால் அலறியிருப்போம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ‘சிரித்தோம், போனோம்’ என்று தொடங்கிய அதே மூத்த உறுப்பினர். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒரு சங்கம் எதற்காக இருக்க வேண்டுமோ அதைச் செய்துவிட்ட மாலை அது.

சங்கத்தின் ஆகச் சிறந்த அமர்வு எது என்று கேட்டால், ‘அந்த நாள்’ திரையிடப்பட்ட மாலையைத்தான் சொல்வேன். அதற்கு முந்தைய மாதம் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ போட்டிருந்தார்கள். வேண்டுமென்றே அப்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ‘அந்த நாள்’ படத்தின் இயக்குநர் எஸ். பாலசந்தர் ரஷோமானைத் திரைப்பட விழா ஒன்றில் பார்த்து ஈர்க்கப்பட்டவர் என்பதும், ஏவிஎம் தயாரிப்பில் 1954இல் வந்த அந்தப் படம், பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்பதும் சினிமா ஆர்வலர்கள் அறிந்த செய்திகள். ஆகவே விவாதம் ‘இது காப்பியா, இல்லையா’ என்றே தொடங்கியது. அங்கேயே நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

அஞ்சல்துறைக்காரர் அன்று முதன்முறையாக நீளமாகப் பேசினார். ரஷோமானில் காட்டுக்குள் நடந்த ஒரே நிகழ்ச்சியைக் கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, இறந்த சாமுராயின் ஆவி, விறகுவெட்டி என்று நால்வரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘அந்த நாள்’ படத்தில் சுடப்பட்டுக் கிடக்கிற ராஜனைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வது ஒரே நிகழ்ச்சியின் வெவ்வேறு பாடங்கள் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து, அதை வைத்து இன்னொருவரை நோக்கி விரலை நீட்டுகிறார்கள், கடைசியில் உண்மை ஐயத்துக்கு இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே பாலசந்தர் எடுத்துக்கொண்டது வாசலை மட்டும்தான், உள்ளே அவர் கட்டியது துப்பறியும் கதையின் வீடு என்று அவர் முடித்தார்.

உடனே ஒரு இளைஞர், அப்படியென்றால் இது ரஷோமானைவிடக் குறைந்த படம் என்றுதானே ஆகிறது, உண்மையைப் பற்றிய கேள்வியைக் கொலையாளி யார் என்ற கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள் அல்லவா என்று கேட்டார். கேள்வி நியாயமானது, சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்ன பதிலை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரஷோமானில் மாறிக்கொண்டிருப்பது நிகழ்ச்சி, ‘அந்த நாள்’ படத்தில் மாறிக்கொண்டிருப்பது ராஜன் என்றார் அவர். 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் காலையில் கதை தொடங்குகிறது. இறந்து கிடப்பவன் திறமையான வானொலிப் பொறியாளன். அடுத்தடுத்த வாக்குமூலங்களில் அவன் ஒரு தம்பியாக, கணவனாக, ஒருத்தியின் காதலனாக, தன் அறிவை இந்த நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் எதிரிக்கு விலைபோனவனாக மாறிக்கொண்டே வருகிறான். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும், கொல்லப்பட்டவன் யார் என்ற கேள்வி தீரவில்லை என்றார் ஆசிரியை. கதாநாயகனாக உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சிவாஜி கணேசன், முதல் படம் வந்து இரண்டே ஆண்டுகளில் இப்படி ஒரு பாத்திரத்தை ஏற்று நடித்ததன் எடை எனக்கு அன்றுதான் உறைத்தது.

சிவாஜியின் முதல் படம் என்றதும் பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பியது. 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’தான் மதுரை தங்கம் தியேட்டரில் திரையிடப்பட்ட முதல் படம். ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய அரங்கம் அது. அதன் வாசலில் நின்று, வசனம் பெரிதா நடிப்பு பெரிதா என்று விடிய விடியப் பேசிய தம் அப்பாவைப் பற்றி ஒருவர் சொன்னார். கொட்டகை இன்று இல்லை. அந்தப் பேச்சு மட்டும் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

உறுப்பினர்களின் தொழில் பலவிதமாக இருப்பது இன்னொரு பலம். ‘12 ஆங்ரி மென்’ படத்தன்று, கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் எழுந்து, ஒரே அறைக்குள் நடக்கிற 96 நிமிடப் படம் ஏன் போகப் போக மூச்சு முட்டுகிறது என்று விளக்கினார். சிட்னி லுமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து அகன்ற லென்ஸில் எடுத்து, படம் நகர நகரக் கேமராவைக் கீழே இறக்கி நீண்ட லென்ஸுக்கு மாறுகிறார். அதனால் சுவர்கள் நெருங்கி வருவதாகவும், கூரை தலைமேல் இறங்குவதாகவும் நமக்குத் தோன்றுகிறது. மண்டபங்களில் இருபது ஆண்டுகள் லென்ஸ் மாற்றிப் பழகிய கையால் அவர் அதைக் காட்டியபோது, புத்தகத்தில் படித்தால் வராத தெளிவு வந்தது.

இனிக் குறைகள். முதல் குறை ஒலி. படம் தெளிவாகத் தெரிகிறது, ப்ரொஜெக்டர் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கி இரண்டும் முன்சுவரில் மிகத் தாழ்வாக இருப்பதால், கடைசி இரண்டு வரிசைகளுக்கு வசனம் கலங்கலாகத்தான் வருகிறது. பழைய தமிழ்ப் படங்களின் வேகமான வசனத்துக்கு இது பெரிய இழப்பு. புதிதாக வருகிறவர்கள் மூன்றாம் வரிசையில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. நாற்காலிகள் பிளாஸ்டிக். 207 நிமிடம் ஓடுகிற ‘செவன் சாமுராய்’ போன்ற படத்தை அதில் உட்கார்ந்து பார்த்தவர்களின் முதுகுக்குத்தான் அந்த வலி தெரியும். இடைவேளையில் கொண்டுவந்து தருகிற பருத்திப்பால் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பிறமொழிப் படங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வசன வரிகள் ஓடுகின்றன. வேகமாக ஆங்கிலம் படிக்க முடியாத உறுப்பினர்கள் எங்களில் கால்வாசிப் பேராவது இருப்பார்கள். அவர்களில் சிலர் நல்ல ரசனை உள்ளவர்கள், வரிகளைத் துரத்திக்கொண்டே முகங்களைத் தவறவிடுகிறார்கள். கதைச் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், கீழேயே அச்சகம் இருப்பதால் அது தவறாமல் கிடைக்கிறது. ஆனாலும் அது போதாது. முக்கியமான உரையாடல்களையாவது தமிழாக்கி அந்தத் தாளில் சேர்க்கலாம், அந்த வேலையில் பங்கெடுக்க நான் உட்பட நான்கைந்து பேர் தயாராக இருப்பதாகச் சொல்லியும் ஓராண்டாக எதுவும் நடக்கவில்லை.

மூன்றாவது, நேரம். ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் நீளமான படங்களின் விவாதம் ஒன்பதரையைத் தாண்டிவிடுகிறது. மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் பேருந்தை நினைத்து எட்டரைக்கே எழுந்துபோக வேண்டியிருக்கிறது. ‘அந்த நாள்’ திரையிடப்பட்ட மாலையில் ஆசிரியை பேசாமல் போயிருந்தால் எங்களுக்கு எவ்வளவு இழப்பு என்று யோசித்துப் பார்த்தால், நீளமான படங்களையாவது மதியம் மூன்று மணிக்குத் தொடங்குவது ஏன் அவசியம் என்பது புரியும்.

படத் தேர்விலும் சாய்வு இருக்கிறது. எல்லா வகைக்கும் இடமுண்டு என்று சொல்கிற சங்கத்தில், ஆவணப்படம் ஒன்றுகூட நான் இருந்த இரண்டு ஆண்டுகளில் வரவில்லை. அனிமேஷன் ஒரே ஒரு முறை வந்தது. இசாவோ தகஹாட்டா இயக்கி 1988இல் வெளியான ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ அது. பொம்மைப் படம் என்று நினைத்துப் பேத்தியோடு வந்த ஒரு பெரியவர், போரில் தாயை இழந்த அண்ணனும் குட்டித் தங்கையும் பசியோடு அலைவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று விவாதம் ஏறக்குறைய நடக்கவே இல்லை. அப்படிப்பட்ட மாலைகளும் தேவைதான். அதற்குப் பிறகு அனிமேஷனை யாரும் கொண்டுவராதது எனக்கு வருத்தம்.

கௌபாய் படங்களுக்கு நடந்தது வேறு வகைச் சிக்கல். செர்ஜியோ லியோனியின் படம் ஒன்றைப் பார்த்த சூட்டில், ஒரு லாரி பட்டறைக்காரர் ஜெய்சங்கர் நடித்து கர்ணன் இயக்கிய ‘கங்கா’வைப் போட வேண்டும் என்று கேட்டார். 1972இல் வந்த படம். தமிழ்நாட்டு மண்ணில் குதிரையும் துப்பாக்கியுமாக ஒரு தனி வகையையே கர்ணன் உருவாக்கிக் காட்டினார். ஒளிப்பதிவாளராகவும் இருந்த அவருடைய கண் அந்தச் சண்டைக் காட்சிகளில் தெரியும். ஆனால் பெரிய திரையில் போடத் தகுந்த நல்ல பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மங்கிய, ஓரம் வெட்டுப்பட்ட பிரதியைப் போடுவதா வேண்டாமா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவானது. இது சங்கத்தின் பிழை இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படத்தையே இழந்துவிட்டு நிற்கிறவர்கள் நாம். உலகப் படங்கள் துல்லியமாகக் கிடைக்க, நம் அப்பாக்கள் கைதட்டிப் பார்த்த படங்கள் கிடைக்காமல் போவது மனத்தை அறுக்கிறது. பட்டறைக்காரர் அன்று அந்தப் படத்தின் கதையைத் தாமே முக்கால் மணி நேரம் சொன்னார், எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.

யார் சேரலாம் என்று கேட்டால், தமக்குப் பிடித்த படத்தை இன்னொருவர் குறை சொல்லும்போது கடைசிவரை கேட்கக்கூடிய பொறுமை உள்ள எவரும் சேரலாம். படம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு, அந்த ஒலியமைப்போடும் நாற்காலியோடும் பார்த்தால், கொடுக்கிற காசு வீண் என்றுதான் சொல்வேன். சந்தா கட்டுவதற்கு முன் ஒரு மாதம் இலவசமாக வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். சங்கப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் மாலையில் வேறு வேலை விட்டு வருகிறவர்கள், யாருக்கும் ஒரு ரூபாய் ஊதியம் கிடையாது. அவர்கள் நடத்துகிற விதத்தில் எனக்குக் குறை இருக்கிறது, அவர்கள் மீது இல்லை.

வரும் மாதம் படம் கொண்டுவருகிற முறை எனக்கு. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து 1979இல் அவர் உருவாக்கிய அந்தப் படத்தில், விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஊரே சூழ்ந்து நிற்க ஆற்றை நோக்கி நடக்கிற கடைசிக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. விதிப்படி முதலில் பேசப்போகிறவர், படிவத்தில் ‘குடும்பப் படம்’ பிடிக்காது என்று எழுதிய அந்தக் கல்லூரி மாணவர். அவர் இப்போதே படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ரொம்ப மெதுவா போகுதுண்ணே” என்று நேற்று இரவு செய்தி அனுப்பியிருக்கிறார். எந்தக் காட்சியில் என்று கேட்டிருக்கிறேன்.